தமிழ் நூல்கள், பலவகை

அரசாங்கக் கந்தோரில் எதை வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாது. மூன்று கடையில் விலை கேள், குறைந்த விலை சொன்னவனிடம் வாங்கு, இதில் என்ன இருக்கிறது என்பார்கள். விளக்குமாறு விற்க எங்கள் ஊரில் வேண்டிய மட்டும் கடை இருந்தது. சீமெந்துக்கும் குழாய்க்கும் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். தமிழ்ப் புத்தகம் விற்க இருந்தது ஒரே ஒரு கடை. அந்த ஒன்றை மூன்றாக்குவதுதான் வருடா வருடம் எனக்கு வாய்த்த வேலை.

தொண்ணூறுகளில் நடந்தது இது. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் வரும் ஒரு சிறிய ஊரின் பிரதேச சபையில் நான் நூலக உதவியாளராக இருந்தேன். நூலகம் சபைக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. முன்பக்கத்துப் பெரிய மண்டபம் சிங்களப் பகுதி. அதற்கு ஒரு பொறுப்பாளர், உதவியாளர்கள், பத்திரிகை வாசிக்க வரும் பெருங்கூட்டம். பின்பக்கத்து அறை தமிழ்ப் பகுதி, அதற்கு நான். முன்பு சைக்கிள் லைசன்ஸ் தகடுகளை அடுக்கி வைத்திருந்த அறை அது. மழைக்காலத்தில் துரு வாசனை இன்னும் சுவரிலிருந்து வரும். ஒரே ஒரு ஜன்னல். அதற்குக் கீழே சபையின் குப்பை லொறிகள் நிற்கும் முற்றம். லொறிகளில் வேலை செய்தவர்கள் தமிழ் ஆட்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் அவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது மேலே கேட்கும். காலையில் வந்ததும் முதல் வேலையாக நான் ஜன்னலைத் திறப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் நாவலப்பிட்டி. தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தப்படி இந்தியா போனவர்களோடு அம்மாவும் அக்காமாரும் கப்பலேறிப் போனபோது எனக்கு இந்த நியமனம் கிடைத்திருந்தது. அரசாங்க உத்தியோகம், விட்டுவிட்டு வரக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைப் பெரிய புத்திசாலித்தனமாக நினைத்துத் தலைமன்னார் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். பிறகு ஒரு சிங்கள வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்கார அம்மா நல்லவர். பலாக்காய்க் கறி வைத்தால் ஒரு கிண்ணத்தில் மூடி எனக்குக் கொண்டுவந்து வைப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்பேன், அத்தோடு அன்றைய பேச்சு முடியும். சிங்களத்தில் எனக்குக் கந்தோர்க் கடிதம் எழுதத் தெரியும். கவலைப்படத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாயைத் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும். திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

ஒரு காலத்தில் என் அறைக்கும் ஆட்கள் வந்தார்களாம். கடைவீதித் தமிழ்க் குடும்பங்கள் இருந்த காலம் அது. இனக் கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. என் காலத்தில் தோட்டத்திலிருந்து சில இளைஞர்கள் வருவார்கள். வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடிக்காமல் போட்டுவிட்டுப் போவார்கள். வாசகர் என்று சொல்ல இருந்தது ஒருவர்தான்.

அவர் ஓய்வுபெற்ற டீச்சர். யாழ்ப்பாணப் பக்கத்தவர். கணவரின் வேலையோடு கண்டிக்கு வந்து, கணவர் காலமான பிறகும் கெலிஓயாவில் தங்கிவிட்டவர். யுத்தத்தால் ஊருக்குத் திரும்ப வழியில்லை. சனிக்கிழமை பிற்பகலில் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். கதைப் புத்தகத்தில் வருகிற ஆட்களை அடுத்த வீட்டு ஆட்களைப்போலவே பேசுவார். "அவள் ஏன் பிள்ளை அவனோடை கிடந்து மாயுறாள்? நானெண்டால் எப்பவோ வெளிக்கிட்டிருப்பன்" என்பார். "நீங்க போவீங்க டீச்சர், உங்களுக்குப் பென்ஷன் இருக்கு" என்பேன். சிரிப்பார். வாரம் முழுக்க நடந்ததில் எதை அவரிடம் சொல்வது என்று நான் சேர்த்துச் சேர்த்து வைப்பேன். பஸ் வந்து அவர் போனதும் அறையில் கொஞ்ச நேரம் விளக்குப் போடாமல் இருப்பேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மிகையாகச் சொல்லவில்லை.

கொட்டேஷனுக்கு வருகிறேன். நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவென்று சபை வருடா வருடம் கொஞ்சம் பணம் ஒதுக்கும். டிசம்பர் முடிவதற்குள் வாங்காவிட்டால் அந்த ஒதுக்கீடு போயே போய்விடும். தமிழ்ப் புத்தகம் விற்ற அந்த ஒரே கடைக்காரரை முதலாளி என்போம். பாடப் புத்தகம், கலண்டர், சாம்பிராணி, அதோடு ஒரு தட்டு நிறையக் கதைப் புத்தகம். மூன்று கொட்டேஷனையும் அவரே ஏற்பாடு செய்வார். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் அவருடைய சிநேகிதர்களான புடவைக் கடைக்காரர், ஹார்ட்வெயார் நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஆகியோரின் கடைத் தாள்களில் அவரே விலையைக் கொஞ்சம் கூட்டி எழுதியவை. இருவரும் சபையின் வழங்குநர் பட்டியலில் எல்லா வகைக்கும் பதிந்து வைத்திருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. மூன்று உறையையும் ஒரே பையில் போட்டு முதலாளியே கொண்டுவந்து தருவார். இது களவு என்று யாரும் நினைக்கவில்லை. ஒரே கடை இருக்கிற ஊரில் மூன்று கடை கேட்கிற சட்டத்தோடு மரியாதையாக வாழ்வதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். சபையில் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாமல் வந்தவர் கணக்காய்வாளர். மூன்று கொட்டேஷனிலும் 'ழ' ஒரே மாதிரிச் சுழிந்திருக்கிறதே என்று கேட்டுவிட்டார். அந்த வருடம் புத்தகம் வாங்குவது நின்றது. ஒதுக்கீடு போனது. அடுத்த வருடம் சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, புத்தகமும் வாங்குவதில்லை, ஆளும் வருவதில்லை, அந்த அறையை வருமானப் பகுதிக்குக் கொடுத்தால் இரும்பு அலுமாரிகளை வைக்கலாமே என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு அதிக ஆத்திரத்தைத் தந்தது.

பிரதம எழுதுவினைஞர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சிங்களவர், நியாயமான மனிதர், எதையும் மெதுவாகச் சொல்வார். இந்த வருடம் டிசம்பருக்குள் தமிழ்ப் புத்தகங்கள் தட்டில் ஏறிவிட்டால் அறையைப் பற்றி யாரும் பேசாமல் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஏறாவிட்டால் ஜனவரியில் சாவியை வருமானப் பகுதிக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே வரி வாங்கும் கருமபீடத்துக்குப் போகவேண்டி வரும் என்றும் சொன்னார். கருமபீடத்தில் கம்பி வலைக்குப் பின்னால் உட்காரவேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் அதை மூடிவிடுவார்கள். எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்து அவர் மேசை மீதிருந்த காகிதத்தை வேறு பக்கம் திருப்பி வைத்தார்.

அன்றே முதலாளியிடம் ஓடினேன். அவர் கண்ணில் சத்திர சிகிச்சை செய்து கண்டியிலிருந்து வந்து கட்டோடு படுத்திருந்தார்.

"இந்தத் தரம் ஆளுக்கு ஆள் தன் கையால எழுதணும் முதலாளி. ஒரே கையெழுத்து ஆகாது."

"எழுதட்டுமே. என்னோடத சம்சாரம் எழுதித் தந்துருவா. மத்த ரெண்டு பேருகிட்டயும் நீங்களே போய் வாங்கிக்கங்க. கூட்டிப் போடச் சொல்லுங்க. அது போதும், அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

விலைகோரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கடிதத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். முதலாளியிடம் என்ன புத்தகம் இருப்பில் இருக்குமோ அதைத்தான் வாங்க முடியும் என்பதால், பல வருடங்களாகத் தலைப்பு எதுவும் எழுதாமல் "தமிழ் நூல்கள், பலவகை" என்று மட்டும் போட்டு, கீழே எத்தனை பிரதி என்று குறித்திருக்கும். புதியவை என்றும் எழுதுவதில்லை. குழாய் வாங்கும்போது அப்படி எழுதுவார்கள். புத்தகத்தில் பழசு வரும் என்று யார் நினைத்தார்கள்?

புடவைக் கடைக்காரர் கெட்டிக்காரர், யோசித்து எழுதித் தந்தார். ஹார்ட்வெயார் நானாவின் கடையில் அன்று நல்ல வியாபாரம். கம்பி வெட்டுகிற சத்தத்துக்கு நடுவில் கடிதத்தைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"மிஸ், எப்பவும் அவர்தானே எல்லாம் எழுதுற. நான் என்ன விலைய போட?"

"நான் விலை சொல்லக் கூடாது நானா. கொஞ்சம் கூட்டியே போடுங்க."

"கூட்டி. சரி சரி. கூட்டிப் போட்டாப் போதும்தானே?" என்றவர், ஒரு சீமெந்து மூட்டை மேல் தாளை வைத்து எழுதி, உறையில் போட்டு, எனக்கு முன்னாலேயே நாக்கால் நனைத்து ஒட்டித் தந்தார். நான் சட்டப்படி நடந்துவிட்டேன் என்ற பெருமையோடு வெளியே வந்தேன்.

டெண்டர் போர்ட் என்பது செயலாளரின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து, விலையைச் சத்தமாக வாசிப்பது. என்னைச் சுவரோரமாக நிற்க விட்டிருந்தார்கள். முதலாளியின் விலை வாசிக்கப்பட்டது. புடவைக் கடை, அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்றாவது உறையைப் பிரித்த பிரதம எழுதுவினைஞர் ஒருமுறை தனக்குள்ளே வாசித்துப் பார்த்தார். பிறகு சத்தமாக வாசித்தார். ஒரு புத்தகத்துக்கு நானா போட்டிருந்த விலைக்குப் பிள்ளைகள் எழுதுகிற ஒரு வெள்ளைக் கொப்பி வாங்கலாம். மிச்சத்துக்கு ஒரு பென்சில் வாங்கலாம்.

இந்த விலை எப்படி வந்தது என்று அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் மற்ற இரண்டு விலையும் எப்படி வந்தன என்று சொல்லவேண்டும். செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். குறைந்த விலைக்காரருக்கே கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கொடுத்தார்கள். தமிழ் நூல்கள் வழங்கும் பொறுப்பு ஆணிக்கும் சீமெந்துக்கும் பேர்போன ஒரு கடைக்குப் போனது.

நானா மறுநாள், புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்ன கட்டளைக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"மிஸ், இது என்ன அநியாயம்? எனக்கு எப்பிடி வந்த இது?"

"கூட்டிப் போடச் சொன்னேனே நானா!"

"கூட்டித்தானே போட்டேன்! ஒரு கொப்பி என்ன விலையென்டு மகள்ட்ட கேட்டு, அதுக்கு மேல அரைவாசி கூட்டிப் போட்டீக்கிறேன். புத்தகம் இவ்வளவு விலையென்டு எனக்கு யாரு செல்லித் தந்த?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எடுத்த கட்டளையை நிறைவேற்றாவிட்டால் வழங்குநர் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். சபைக்கு அவர் கொடுக்கும் சீமெந்தும் குழாயும் அத்தோடு போய்விடும். எனக்கு அறை போகும். இரண்டு பேரும் சேர்ந்து முதலாளியிடம் போனோம். கட்டுப் போட்ட கண்ணோடு அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த விலைக்குக் குடுக்கிறதுக்கு என் புத்தகத்த அடுப்புல போட்டாலும் சூடாவது மிஞ்சும். இத்தனை வருஷம் உன் பேருல நான் எழுதினேன், ஒரு தரமாவது உனக்குக் கரைச்சல் வந்துச்சா? நீ ஒரு தரம் எழுதின, என் யாவாரத்தையே கவுத்துட்ட" என்று நானாவைப் பார்த்துக் கத்தினார். கட்டு முழுதாகப் போட்டிருந்ததால் அவர் பார்த்தது என்னைத்தான். நானா வெளியே வந்து, தன் லொறியின் படியில் உட்கார்ந்தார்.

டிசம்பர் பாதி போய்விட்டது. நானா கண்டியில் பழைய பேப்பர் கடைகளெல்லாம் ஏறி இறங்கினார். கிடைத்தவை பரீட்சை வினாத்தாள்களும் பாதி கிழிந்த சோதிடப் புத்தகங்களும்தான். நான் சனிக்கிழமை டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறை போகப்போகிறது என்பதையும் சொன்னேன். வழக்கமாக இப்படி ஒரு கதை கிடைத்தால் விழுந்து விழுந்து சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை. குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எல்லாம் ஒரு வழிக்கு வரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வழமையைவிட முந்திய பஸ்ஸில் போய்விட்டார். எனக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அடுத்த வாரம் நானா சந்தோஷமாக வந்தார். கெலிஓயாவில் ஒரு வீட்டில் சாமான்களை விற்கிறார்கள், வெளிநாடு போகிற ஆட்கள், தன் மச்சான் அங்கே ஒரு அலுமாரி எடுத்தான், பெட்டி பெட்டியாகத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதாம் என்றார்.

"கட்டளைக் கடிதத்துல புதுசு என்டு ஒரு எடத்திலயும் இல்ல. நான் ஆளை வெச்சு வாசிச்சுப் பார்த்துட்டேன். எனக்கு நல்லது கெட்டது தெரியாது மிஸ். நீங்க வந்து பாத்துச் செல்லுங்க."

டீச்சருக்குக் கெலிஓயாவில் அந்த வீட்டுக்காரரைத் தெரிந்திருக்குமே, கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை வரை பொறுக்க நேரமில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறையன்று நானாவின் லொறியில் முன்சீட்டில் ஏறிப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. பிரதான வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, கொய்யா மரம் நின்ற ஒரு வீட்டு வாசலில் லொறி நின்றது.

முன்னறையில் கதிரை மேசை எதுவும் இல்லை. அலுமாரி நின்ற இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. தரையில் தேயிலைப் பெட்டிகளில் புத்தகங்கள். குனிந்து ஒன்றை எடுத்தேன். நல்ல புத்தகம். இன்னொன்று, அதைவிட நல்ல புத்தகம். என்னுடைய தட்டுகளில் இல்லாதவை, இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டவை. நமக்கு நல்ல காலம் நானா என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டீச்சர் சமையலறையிலிருந்து வந்தார்.

"பிள்ளை... நீரே?" என்றார்.

நான் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் திருப்பி வைத்தேன். நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லொறியில் கயிறு எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

"கனடாவுக்கு மகன் கூப்பிட்டிருக்கிறான். விசா வந்து கொஞ்சக் காலமாச்சு. உமக்குச் சொல்ல வேணும் எண்டுதான் ஒவ்வொரு சனியும் வந்தனான். கதிரையிலை வந்து இருந்தால் வாய் வருகுதில்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் அப்படி எதுவும் வராது.

"வீட்ட விக்க மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா டீச்சர்? எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

அவர் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உட்கார வேறு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

"எனக்குப் போக விருப்பம் எண்டு நினைக்கிறீரோ? பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது. அங்கை நான் ஆரோடை கதைக்கிறது?"

அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவரைவிட நான் அதிர்ஷ்டக்காரி என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு அவர் இருந்த ஒரு மணி நேரம்தான் தமிழ். அவருக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது என்பது அந்த வெறும் வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. பிறகு அவர், புத்தகங்களைச் சும்மா கொண்டுபோகச் சொன்னார். கயிற்றோடு திரும்பி வந்த நானா சம்மதிக்கவில்லை. சும்மா வாங்க ஏலாது டீச்சர், நான் கடைக்காரன் என்று சொல்லி, அவருடைய கையில் பணத்தை வைத்துவிட்டுத்தான் பெட்டிகளைத் தூக்கினார்.

பெட்டிகள் சபைக்கு வந்தன. களஞ்சியப் பொறுப்பாளர் எண்ணிப் பார்த்தார், எண்ணிக்கை சரி. பிரதம எழுதுவினைஞர் ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பழையவை என்றார். கடிதத்தில் புதியவை என்று இல்லையே சேர் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி, இரண்டு தரம் வாசித்து, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "ஷோக் மிஸ், ஷோக்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அறை எனக்கே நின்றது. நானாவின் பெயர் பட்டியலில் நின்றது. மாதக்கணக்கில் நான் கும்பிட்டுக் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு புத்தகத்திலும் சபையின் முத்திரையைக் குத்தி, இலக்கம் போட்டு அடுக்கினேன். தட்டுகள் ஒருநாளும் அவ்வளவு நிறைந்திருந்ததில்லை.

டீச்சர் இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை வந்தார். எடுத்திருந்த இரண்டு புத்தகங்களையும் திருப்பித் தந்தார். அங்கத்துவ அட்டையையும் மேசையில் வைத்தார். ஊரை விட்டுப் போகிறவர் அட்டையைத் திருப்பித் தரவேண்டும், அது விதி. அதைக்கூட மறக்காமல் செய்தார். அடுத்த வியாழக்கிழமை விமானம் என்றார். நாங்கள் இருவரும் கனடாவில் எவ்வளவு குளிரும் என்பதைப் பற்றியும், சப்பாத்து எங்கே நல்லது வாங்கலாம் என்பதைப் பற்றியும் பேசினோம். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை.

பஸ் வருகிற நேரம் எழுந்தார். போகிற போக்கில் தட்டோரமாக நின்று, எப்போதும் செய்வதைப்போல, விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு புத்தகத்தை உருவினார். சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அது அவருடைய சொந்தப் புத்தகம். முதல் பக்கத்தில் இப்போது சபையின் முத்திரை. அவரிடம் அட்டையும் இல்லை.

அவருடைய கை புத்தகத்தை விட்டு எழும்பவில்லை. நான் அட்டையைக் கேட்கவில்லை. திகதி முத்திரையை எடுத்து, இரண்டு வாரத்துக்குப் பிந்திய திகதியை வைத்துக் குத்தி அவரிடம் நீட்டினேன்.

"ரெண்டு கிழமைக்குள்ள கொண்டு வந்துருங்க டீச்சர். பிந்தினா குற்றப்பணம்."

"ஓம் பிள்ளை. கொண்டு வந்து தாறன்" என்றார். புத்தகத்தைக் கைப்பையில் வைத்து, பையை மூடி, படியிறங்கிப் போனார். பஸ் புறப்படும் சத்தம் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அறை இருந்தது, நான் இருந்தேன்.

சபையில் வருடத்துக்கு ஒரு தடவை பொருட்களைக் கணக்கெடுப்பார்கள். கதிரை, மேசை, மின்குமிழ், புத்தகம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, இல்லாததற்கு விளக்கம் கேட்பார்கள். அந்த வருடம் என் அறையில் ஒரு புத்தகம் குறைந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா மிஸ் என்று பிரதம எழுதுவினைஞர் சொன்னார். தொலைந்தது என்று ஒரு வரி எழுதி, வாங்கிய விலையைக் கட்டிவிட்டால் புத்தகத்தின் பெயரை வெட்டிவிடலாம். நானா போட்ட விலைதானே, ஒரு கொப்பிக் காசு என்றார். எனக்கு நல்லது செய்யத்தான் சொன்னார்.

நான் கட்டவில்லை. விளக்கத்தில், இரவல் கொடுக்கப்பட்டுள்ளது, இன்னும் திருப்பித் தரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடமும் கேட்டார்கள், அதையே எழுதினேன். ஓய்வுபெறும் வருடம்வரை, புதிதாக வந்த ஒவ்வொரு எழுதுவினைஞரும் இந்த வாசகர் யார், எங்கே இருக்கிறார், வருவாரா என்று கேட்பார்கள். வருவார் என்பேன்.